ஒரு டீ வாங்கிக் கொடுங்க பாஸ்!

‘மச்சி, அந்த வீடியோவோட கடைசியைப் பார்த்தியா?’ கேன்டீனில் அன்று முழுக்க இதே பேச்சுதான்.

எங்கள் ஜூனியர் ஒருத்தன் இருக்கிறான். காலேஜுக்குப் பின்னால் இருக்கிற ஏரிக்கரையில் காலை ஆறு மணிக்கே போய் உட்கார்ந்து பறவைகளைப் படம் பிடிப்பான். கையில் இருப்பது ஓரத்தில் விரிசல் விட்ட ஒரு போன். ட்ரைபாட் என்பது ரெண்டு செங்கல். முங்கிப்போன முக்குளிப்பான் அடுத்து எந்த இடத்தில் தலையைத் தூக்கும் என்று பந்தயம் கட்டுகிற மாதிரி பேசிக்கொண்டே எடுப்பான் பாருங்கள்... சரியான மொக்கை என்று நினைத்து ஆரம்பித்தாலும் கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். வாரத்துக்கு ஒரு வீடியோ. செமஸ்டர் வந்தால் அதுவும் கிடையாது. ரெண்டு வருஷத்தில் சேர்ந்தது 700 சொச்சம் சப்ஸ்கிரைபர்கள். அதில் பாதி ஹாஸ்டல் பசங்க. மீதிப் பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று அவனுக்கே தெரியாது.

அன்றைய வீடியோவின் கடைசி இருபது செகண்டில் ஒரு க்யூ.ஆர். கோடு வந்தது. கூடவே, ‘வீடியோ பிடிச்சிருந்தா ஒரு டீ வாங்கிக் கொடுங்க’ என்று ஒரு வரி. அவ்வளவுதான்! ஒரு டீக்கு எங்கள் கேன்டீனில் நடந்த பட்டிமன்றத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

‘என்னடா இவன், பிச்சை எடுக்க ஆரம்பிச்சுட்டான்?’

‘ஏன், ரெண்டு வருஷமா ஓசியில பார்த்தே இல்ல?’

‘நானா எடுக்கச் சொன்னேன்? அவனுக்குப் பொழுதுபோக்கு, அவன் எடுக்கறான். நான் எதுக்குக் காசு குடுக்கணும்?’

இந்தக் கடைசிக் கேள்வி இருக்கிறதே, அது கொஞ்சம் வில்லங்கமானது. சும்மா ஒதுக்கித் தள்ள முடியாது. தொழிலாகச் செய்கிறவர் கூலி கேட்கலாம். ஆசைக்குச் செய்கிறவர் கேட்கலாமா? கிரிக்கெட் ஆடுகிறவன் பந்து வாங்க வேடிக்கை பார்க்கிறவனிடம் கை நீட்டுவானா என்ன?

அட, நீட்டியிருக்கிறான் சார்! தெரு டோர்னமென்ட்டுக்கு உண்டியல் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனதை அதற்குள் மறந்துவிட்டீர்களா?

உண்மையில் நம் ஊரில் பார்க்கிறவரிடம் கேட்பது புது விஷயமே இல்லை. திருவிழாவில் கரகாட்டம் நடக்கும்போது யாராவது ஒருவர் ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்திவிட்டுப் போவார். உடனே மைக்கில் ‘கீழத்தெரு இன்னார் அன்பளிப்பு ரூபாய் ஐம்பது...’ என்று அறிவிப்பு வரும். குடுத்தவருக்கு ஒரு பெருமை, வாங்கினவருக்கு ஒரு கும்பிடு. 2017 ஜனவரியில் யூடியூப் ‘சூப்பர் சாட்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நேரலையில் காசு கட்டினால் உங்கள் பெயரும் செய்தியும் கலர் கட்டத்தில் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், நடத்துகிறவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்வார். கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள், நம்ம ஊர் மைக்செட்காரர் எப்பவோ செய்ததை! ஒரு வித்தியாசம் உண்டு. யூடியூப் அதில் 30 சதவிகிதத்தை எடுத்துக்கொள்ளும். மைக்செட்காரருக்குப் பேசின கூலி மட்டும்தான்.

சினிமாவிலும் நடந்திருக்கிறது. 1976-ல் ஷ்யாம் பெனகல் எடுத்த ‘மந்தன்’ படத்துக்குக் காசு போட்டது குஜராத்தின் 5 லட்சம் பால்காரர்கள். ஆளுக்கு 2 ரூபாய்! தங்கள் கதையைத் தாங்களே காசு போட்டு எடுத்து, தாங்களே லாரி ஏறிப் போய்ப் பார்த்தார்கள். அந்தப் படம் புதுப்பிக்கப்பட்டு 2024-ல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. கேரளாவில் ஜான் ஆபிரகாம் (பைக் ஓட்டுகிற ஹிந்தி ஹீரோ இல்லை, இவர் வேற லெவல் ஆசாமி) தன் நண்பர்களோடு ‘ஒடேசா’ என்ற குழுவை ஆரம்பித்து, ஊர் ஊராகப் போய் சாப்ளின் படம் போட்டுக் காட்டி, ஜனங்களிடம் சில்லறை சேர்த்து, 1986-ல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். 2013-ல் கன்னடத்தில் வந்த ‘லூசியா’ படத்துக்கும் டைரக்டர் பவன் குமார் இன்டர்நெட்டில் ரசிகர்களிடம் கேட்டுத்தான் சுமார் 50 லட்சம் ரூபாய் திரட்டினார்.

இவர்களில் யாரையும் நாம் பிச்சைக்காரர் என்று சொல்வதில்லை. அப்படியானால் நம் ஏரிக்கரைத் தம்பியை மட்டும் ஏன் சொல்கிறோம்? அவன் நம்ம பக்கத்து ரூம்காரன் என்பதாலா?

சரி, ‘அதான் யூடியூப்பே காசு குடுக்குதே, அப்புறம் எங்ககிட்ட எதுக்கு?’ என்கிறீர்களா? அங்கேதான் மேட்டரே இருக்கிறது.

விளம்பரக் காசு என்பது ஒரு மாயக் குதிரை. யூடியூப் 2005-ல் ஆரம்பித்தது. 2007-ல் வீடியோ போடுகிறவர்களுக்கு விளம்பர வருமானத்தில் பங்கு தரத் தொடங்கியது. கொஞ்ச காலம் யார் வேண்டுமானாலும் சேரலாம், ரெண்டு ரூபாய் வந்தாலும் வரும் என்று இருந்தது. 2018 ஜனவரியில் ஒரு குண்டைப் போட்டார்கள். குறைந்தது 1,000 சப்ஸ்கிரைபர்கள், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் விளம்பரப் பங்கு கிடையாது! சின்னச் சேனல்கள் எல்லாம் கதறின. யூடியூப் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? இதனால் பாதிக்கப்படுகிறவர்களில் 99 சதவிகிதம் பேர் வருஷத்துக்கு 100 டாலர்கூடச் சம்பாதிக்கவில்லை, 90 சதவிகிதம் பேர் கடைசி மாதத்தில் இரண்டரை டாலருக்கும் குறைவாகத்தான் பார்த்தார்கள் என்று. ‘உங்களுக்கு வந்ததே சில்லறை, போனால் என்ன?’ என்கிற மாதிரி! ஆனால் அந்த வாக்கியத்தைத் திருப்பிப் படியுங்கள். ஹாபியாக வீடியோ எடுக்கிற கோடிக்கணக்கானவர்களின் நிலைமை அதற்கு முன்பும் அதுதான் என்று அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டார்கள்.

புதுக்கோட்டைப் பக்கத்து கிராமத்துச் சமையல்காரர்களின் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ உங்களுக்குத் தெரியும். விவசாய வேலை இல்லாத நாட்களில் என்ன செய்யலாம் என்று 2018-ல் தாத்தாவும் பேரன்களுமாக ஆரம்பித்தது, 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டது. அந்த வருஷமே முதலமைச்சர் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். ‘எல்லாரும் வாங்க’ என்று கூப்பிட்டார்கள், எல்லாரும் வந்தார்கள்! ஆனால் அது கோடியில் ஒன்று. முக்குளிப்பானைப் பார்க்க ஒரு கோடிப் பேர் வரப்போவதில்லை. வர வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

பத்து லட்சம் பார்வை வந்தாலே என்ன நிலைமை என்று ஒருத்தர் கதையைச் சொல்கிறேன். பெயர் ஜாக் கான்ட்டி. அமெரிக்காவில் பாட்டுக்காரர், யூடியூபர். 2013-ல் ஒரு பாட்டு வீடியோவுக்காக ‘ஸ்டார் வார்ஸ்’ விண்கலத்தின் உள்பக்கத்தை அப்படியே செட் போட்டார். மாதக்கணக்கில் வேலை, சுமார் 10,000 டாலர் செலவு, கிரெடிட் கார்டு முழுக்கக் கடன். அந்தக் காலகட்டத்தில் தன் வீடியோக்களுக்கு வந்த வருமானக் கணக்கைப் பின்னால் ஒரு மேடையில் போட்டுக் காட்டினார். 28 நாளில் பத்து லட்சத்துக்கு மேல் பார்வை, கைக்கு வந்தது 166 டாலர். அன்றைய மதிப்பில் பத்தாயிரம் ரூபாய்க்குள்! பத்து லட்சம் பேரை உட்கார வைக்க நம்ம நேரு ஸ்டேடியம் மாதிரி எத்தனை வேண்டும் என்று யோசியுங்கள். அத்தனை பேர் வந்தும் வசூல் அவ்வளவுதான். கடுப்பானவர், தன் காலேஜ் ரூம்மேட் சாம் யாமோடு சேர்ந்து அந்த வருஷம் மே மாதம் ஆரம்பித்ததுதான் ‘பேட்ரியான்’. பார்க்கிறவர்களில் பிடித்தவர்கள் மட்டும் நேரடியாகப் பணம் கொடுக்கிற ஏற்பாடு.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம். பேட்ரியானின் ஆரம்ப ஏற்பாடு மாதச் சந்தா இல்லை, வீடியோவுக்கு இவ்வளவு என்பதுதான். வீடியோ வந்தால் காசு, வரவில்லை என்றால் கிடையாது. கணக்கு தீர்ந்தது. மாதாமாதம் கட்டுவது பின்னால் வந்து, அதுவே பெரிய வழக்கமாகிவிட்டது.

யூடியூப்பும் சும்மா இருக்குமா? 2018-ல் மாதச் சந்தா உறுப்பினர் திட்டம் கொண்டுவந்தது. 2023 ஜூனில் இன்னொரு வேலை செய்தது. 500 சப்ஸ்கிரைபர்கள் இருந்தாலே (கூடவே வேறு சில நிபந்தனைகளும் உண்டு) பார்வையாளரிடம் நேரடியாகக் காசு வாங்கும் வசதிகளைத் தருகிறோம், ஆனால் விளம்பரப் பங்குக்குப் பழைய 1,000 கணக்குதான் என்றது. முதலில் ஐந்து நாடுகளில், பிறகு மற்ற இடங்களில். அதாவது தம்பி, எங்களிடம் கேட்க உனக்கு இன்னும் வயசு வரவில்லை, உன் ஜனங்களிடம் நீ இப்பவே கேட்டுக்கொள்ளலாம், அதில் எங்களுக்கு 30 சதவிகிதம்! கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான்.

ஆக, ‘கேட்பது தப்பா?’ என்ற கேள்விக்கு என் பதில்... இல்லை, தப்பே இல்லை. கேன்டீன் பட்டிமன்றத்தில் நான் இந்தக் கட்சிதான். ஆனால் அடுத்து ஒரு கேள்வி இருக்கிறது. அதில் நான் கட்சி மாறிவிடுவேன்.

தட்டா, மொய்யா?

தெருவில் வித்தை காட்டுகிறவர் கடைசியில் தட்டு ஏந்தி வருவார். போட்டால் போட்டது, போடாமல் நழுவினால் நழுவியது. நாளைக்கு அவர் அந்தத் தெருவுக்கு வந்தாக வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. மொய் அப்படி இல்லை. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி மாசத்தில் மொய் விருந்து பார்த்திருக்கிறீர்களா? கறிச்சோறு ஒரு பக்கம், நோட்டுப் புத்தகம் ஒரு பக்கம். பெயர், ஊர், தொகை எல்லாம் ஏறும். ஏறினது திரும்பப் போயாக வேண்டும். கொஞ்சம் கூடவே போக வேண்டும். இல்லையென்றால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

டீ வாங்கிக் கொடுங்கள் என்பது தட்டு. மாதச் சந்தா என்பது மொய். ஹாபிக்காரர்கள் இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

எப்படி என்று பாருங்கள். மாசம் 50 ரூபாய் வீதம் நாற்பது பேர் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். 2,000 ரூபாய். ஹாஸ்டல் பையனுக்குக் கொழுத்த தொகை! முதல் மாசம் ஜாலி. ரெண்டாவது மாசம் இன்டர்னல் டெஸ்ட் வருகிறது. வீடியோ போட முடியவில்லை. ஆனால் நாற்பது பேர் காசு கட்டியிருக்கிறார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லைதான். ஆனாலும் உங்களுக்கே ராத்திரி தூக்கம் வராது. மூன்றாவது மாசம் ஏரியில் தண்ணீர் வற்றிவிட்டது, பறவை இல்லை. ‘பத்து பறவைகள்... பத்தாவது ஷாக் ஆயிடுவீங்க!’ என்று பழைய காட்சிகளை வெட்டி ஒட்டி எதையோ போடுகிறீர்கள். நாலாவது மாசம் ஏரிக்குப் போவதே வேலைக்குப் போகிற மாதிரி ஆகிவிடும். ஆறு மணிக்கு அலாரம் அடித்தால் எழுந்து ஓடியவன் இப்போது அதை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பான்.

சும்மா பயமுறுத்தவில்லை. 2018 மே மாதம் கனடாவைச் சேர்ந்த எல் மில்ஸ் என்ற யூடியூபர் ஒரு வீடியோ போட்டார். தலைப்பிலேயே ‘19 வயதில் எரிந்து தீர்ந்துவிட்டேன்’ என்று அர்த்தம் வரும். சின்ன வயசிலிருந்து கனவு கண்டது எல்லாம் கிடைத்துவிட்டது, ஆனாலும் சந்தோஷமாக இல்லை என்று கேமரா முன்னால் அழுதார். அவருக்கு வந்தது சந்தாக்காரர்களின் நெருக்கடி மட்டுமல்ல, அது பெரிய புகழின் நெருக்கடி. ஆனால் அடுத்த வீடியோ, அடுத்த வீடியோ என்று கழுத்தைப் பிடிக்கிற கை ஒன்றுதான். அவருக்கு அந்தக் கைக்கு ஈடாகப் பணமாவது வந்தது. நமக்கு 2,000 ரூபாய்க்கு அந்தக் கையா?

அதனால்தான் சொல்கிறேன். கேளுங்கள், ஆனால் மாதாமாதம் கேட்காதீர்கள். ஒரு பொருளுக்குக் கேளுங்கள். ‘மைக் வாங்கணும், இவ்வளவு ஆகும்’ என்று சொல்லுங்கள். சேர்ந்ததும் க்யூ.ஆர். கோடை எடுத்துவிடுங்கள். பில்லைக் காட்டுங்கள். அடுத்த வருஷம் வேறு ஏதாவது உடைந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். வீடியோவையே வயிற்றுப்பாட்டாக மாற்றப்போகிறவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது. அவர்களுக்கு மொய் நோட்டு வேண்டும்தான், அதைத் தெரிந்தே ஆரம்பிக்கட்டும். நான் சொல்வது சப்ஜெக்ட்டில் அரியரும் வைத்துக்கொண்டு, ஆசைக்கு வீடியோவும் எடுக்கிற நம்மள மாதிரி ஆட்களுக்கு.

கொடுக்கிறது யார்?

இன்னொரு பக்கத்தையும் பேச வேண்டும். தட்டில் காசு போடுகிறவர் பெரும்பாலும் வசதியானவர் என்று நினைக்கிறோம். 2017 டிசம்பரில் பேட்ரியான் ஒரு வேலை பார்த்தது. பணப் பரிமாற்றக் கட்டணத்தைக் கொடுக்கிறவர் தலையில் கட்டுகிறோம் என்று அறிவித்தது. ஒரு டாலர் கொடுக்கிறவருக்கு அது 1.38 டாலராக ஆகும். ‘38 சென்ட்தானே’ என்று நினைத்திருப்பார்கள் போல. மளமளவென்று ஆட்கள் விலக ஆரம்பித்தார்கள். ஒரே வாரத்தில் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பை வாபஸ் வாங்கினார் கான்ட்டி. அப்போது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், இந்த ஆதரவுக் கூடாரத்தின் கால்கள் ஒரு டாலர், ரெண்டு டாலர் கொடுக்கிறவர்கள்தான்.

நம்ம ஊரில் அது பத்து ரூபாய், இருபது ரூபாய். கொடுக்கிறவனும் பெரும்பாலும் நம்மள மாதிரி ஸ்டூடன்ட்தான். அப்பா அனுப்புகிற காசில், பஸ்ஸுக்குப் பதிலாக நடந்து மிச்சம் பிடித்ததில் கொடுத்திருப்பான். அவனிடம் ‘நீங்க சப்போர்ட் பண்ணலேன்னா சேனலை மூடிடுவேன்’ என்று சொல்கிறார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அது கேட்பதல்ல, மிரட்டல். உடம்பு சரியில்லை, வீட்டில் கஷ்டம் என்று சொல்லி, அழுது, பாதி வீடியோவை அதற்கே செலவழிப்பதும் அப்படித்தான். கஷ்டம் நிஜமாகவே இருந்தால் அதைச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. அது உதவி, அது வேற கணக்கு. அதை வீடியோ கணக்கில் எழுதாதீர்கள்.

கேட்பதிலும் ஒரு அழகு உண்டு. ஆஸ்திரேலியாவில் ஜான் ப்ளான்ட் என்று ஒருவர். ‘ப்ரிமிடிவ் டெக்னாலஜி’ என்ற சேனல், 2015-லிருந்து நடத்துகிறார். காட்டில் வெறுங்கையோடு போய் மண்ணில் சுவர் எழுப்பி, ஓடு சுட்டு, வீடு கட்டுவார். வீடியோ முழுக்க ஒரு வார்த்தை பேச மாட்டார். ‘பெல் பட்டனை அழுத்துங்க’ கிடையாது, இசை கிடையாது. ஆதரிக்க விரும்புகிறவர்களுக்கு பேட்ரியான் முகவரி மட்டும் வீடியோவுக்குக் கீழே ஓர் ஓரத்தில் இருக்கும். தேடினால் கிடைக்கும். கோடிக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள்.

தெலங்கானாவில் நாராயண ரெட்டி என்ற தாத்தா இருந்தார். ‘கிராண்ட்பா கிச்சன்’ சேனல். பெரிய அண்டாவில் சமைத்து, ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் சேனலும் பேட்ரியானில் உதவி கேட்டது. காசு எங்கே போகிறது என்று யாரும் கேட்கத் தேவையே இல்லை. வீடியோவின் கடைசியில் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். 2019 அக்டோபரில் தாத்தா போய்விட்டார்.

இன்னும் ஒரு கோஷ்டி இருக்கிறது. சொன்னால் அடிக்க வருவீர்கள். சினிமா காட்சியை வெட்டிப் போட்டு, மூலையில் தன் முகத்தை ஒட்டி, ‘ப்பா... செம சீன்ல?’ என்று சொல்லிவிட்டு க்யூ.ஆர். கோடு காட்டுகிறவர்கள். பாஸ், அந்தத் தட்டில் விழுகிற காசு யாருடைய வித்தைக்கு? கவர் சாங் பாடுகிறவர்களுக்கும் இதே கேள்விதான். ஆசைக்குப் பாடும்வரை கண்டுகொள்ளாத பாட்டின் உரிமையாளர், அதை வைத்துக் காசு கேட்கும்போது திரும்பிப் பார்ப்பார்.

நம்பரைக் கொடுக்காதீங்க!

கேட்பது என்று முடிவு செய்துவிட்டீர்களா? சில விஷயங்களைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாகப் பெண்கள்.

பெரும்பாலானவர்களின் யூ.பி.ஐ. முகவரியே அவர்களின் செல் நம்பர்தான். அதை வீடியோவில் போடுவதும் ஊர்ச் சுவரில் நம்பரை எழுதி வைப்பதும் ஒன்று. ராத்திரி பதினோரு மணிக்கு ‘ஹாய்’ என்று மெசேஜ் வர ஆரம்பிக்கும். நம்பர் இல்லாத வேறு முகவரியை ஆப்பிலேயே உருவாக்கிக்கொள்ளலாம், ரெண்டு நிமிஷ வேலை. அப்படிச் செய்தாலும் ஸ்கேன் செய்கிறவருக்கு பாங்க்கில் உள்ள உங்கள் முழுப்பெயர் தெரியும் என்பதை மறக்காதீர்கள். புனைபெயரில் சேனல் நடத்துகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். அக்கவுன்ட் உங்கள் அப்பா பெயரோடு சேர்ந்தது என்றால்... அதற்கு மேல் நான் சொல்லவும் வேண்டுமா?

அடுத்தது, முன்பின் தெரியாதவர் போடும் பணம். ஆன்லைன் மோசடியில் அடித்த பணம் பல அக்கவுன்ட்களுக்குச் சிதறிப் போகும். அதில் ஒரு துளி உங்கள் கணக்கில் விழுந்தால், எங்கோ வடமாநிலத்தில் பதிவான புகாருக்கு உங்கள் அக்கவுன்ட் முடங்கலாம். கேரளாவில் 2023-ல் சின்னச் சின்ன வியாபாரிகள் பலருக்கு இது நடந்தது. சில நூறு ரூபாய் யூ.பி.ஐ.யில் வாங்கியதற்காக மொத்தக் கணக்கும் முடங்கி, பாங்க்குக்கும் போலீஸுக்கும் அலைந்தார்கள். ஆகவே உங்கள் ஸ்காலர்ஷிப், ஃபீஸ் வருகிற அக்கவுன்ட்டைத் தட்டாக ஏந்தாதீர்கள். தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ‘தெரியாம 5,000 அனுப்பிட்டேன், திருப்பி இந்த நம்பருக்குப் போடுங்க’ என்று யாராவது சொன்னால் நீங்களாக எதையும் அனுப்பாமல் நேராக பாங்க்குக்குப் போங்கள்.

வரி? உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால், ‘அன்பளிப்பு’ என்று நீங்கள் பெயர் வைத்தாலும் அது வருமானக் கணக்கில் வரும். அவ்வளவு டீ குடிக்கிற அளவுக்கு நாம் வளர்ந்தால் சந்தோஷம்தான், அப்போது ஒரு ஆடிட்டரைப் பார்த்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் நான் ஒருநாள் மெஸ் வாசலில் வைத்து எங்கள் ஜூனியரிடம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘அண்ணா, நீங்க டீக்குக் காசு போட்டீங்களா?’ என்றான். நான் வாயை மூடிக்கொண்டு போனை எடுத்தேன்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். டீக்காகக் கேட்கவில்லையாம். அவன் வீடியோவில் பறவைச் சத்தமே கேட்பதில்லை, காற்றுச் சத்தம்தான் ‘ஹோ’வென்று கேட்கும். பஞ்சு உறை போட்ட ஒரு மைக் வேண்டும். விலை 1,900 ரூபாய். ‘அதை நேரா சொல்லியிருக்கலாமேடா?’ என்றேன். ‘மைக்குன்னு கேட்டா நிஜமாவே கேட்கற மாதிரி இருக்கும்ணா. டீன்னா விளையாட்டு மாதிரி இருக்கும்னு நெனச்சேன்’ என்றான்.

அடுத்த வீடியோவில் மாற்றிச் சொன்னான். மைக், 1,900 ரூபாய், இதுவரை 610 வந்திருக்கிறது என்று. பிச்சை என்று முதலில் ஆரம்பித்து வைத்த அதே கேன்டீன் ஆசாமி 100 ரூபாய் போட்டான் (‘மைக்னா ஓ.கே. மச்சி, டீக்கெல்லாம் எவன் குடுப்பான்’ என்று எனக்கு விளக்கம் வேறு). பதினோரு நாளில் 2,340 ரூபாய் ஆகிவிட்டது. மைக் வந்தது, பில்லை அடுத்த வீடியோவில் காட்டினான், க்யூ.ஆர். கோடை எடுத்துவிட்டான்.

மிச்சம் 440 ரூபாய். இதை என்ன செய்வது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். திருப்பிக் கொடுக்கலாம் என்றால், யார் காசு மைக்கில் சேர்ந்தது, யார் காசு மிச்சத்தில் நிற்கிறது? மெமரி கார்டு வாங்கலாமே என்றேன். ‘மெமரி கார்டுன்னு சொல்லி நான் கேட்கலையேண்ணா’ என்றான். கடைசியாகப் பணம் போட்டவர்கள் வரிசையில் பின்னாலிருந்து ஆரம்பித்து, 440 வருகிற வரை ஒவ்வொருத்தருக்காகத் திருப்பி அனுப்பினான். ஒன்பது பேர். அதில் நாலு பேர் மறுபடி அவனுக்கே அனுப்பிவிட்டார்கள்! மறுபடி திருப்பினான். ஒருத்தர் மட்டும் மூன்றாவது தடவையும் அனுப்பி, கூடவே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: ‘தம்பி, இது டீக்கு.’

அந்த 20 ரூபாயில் நாங்கள் ரெண்டு பேரும் டீ குடித்தோம். பத்தவில்லை, மேலே நாலு ரூபாய் நான் போட்டேன். போன வாரம் வந்த வீடியோவில் முக்குளிப்பானின் குரல் கேட்கிறது, குதிரைக்குட்டி கனைக்கிற மாதிரி ஒரு நடுக்கமான சத்தம். பின்னாலேயே எங்கள் கேன்டீன் ஜெனரேட்டர் சத்தமும் ரொம்பத் தெளிவாகக் கேட்கிறது.